கயிலைக்குக் குடிபோகப் பூக்கட்டிப் பார்த்தது

வாவிக்கரை மரநிழலில் அமர்ந்து, வருவோர் போவோர் அனைவருடைய விண்ணப்பத்தையும் அலுக்காமற் கேட்டருளும் பிள்ளையாரே! அண்டங்களையெல்லாம் பெருவயிற்றுள் அடக்கிய பெருமானே! அடியேன் எழுதப் புகும் இதனைப் படிப்போரின் வயிறும் உமது திருவயிறு போலக் குலுங்க அருள்வீராக. எழுதுகின்ற அடியேனுடைய மானத்தைக் காக்கும் சிரமம் உமக்கு வேண்டா. அது நெடுங்காலத்துக்கு முன்பே, நுவரெலியாப் பக்கத்து ஓடையொன்றில், இடுப்பளவு நீரில் போய்விட்டது.

இன்று ஆவணி வளர்பிறைச் சதுர்த்தி. எதனைத் தொடங்கினாலும் இனிது முடியும் நன்னாள். அடுக்களையில் மோதகம் அவிகின்றது. அது வேகும் வரையில் சும்மா இருத்தல் கடினமாதலால் எழுதுகோலை எடுத்தேன்.

பாட்டிலே வரும் மலை வேறு, பாதத்திலே படும் மலை வேறு. பாட்டிலுள்ள மலையில் பனி பெய்தால் உள்ளம் உருகும். பாதத்தின் கீழுள்ள மலையில் பனி பெய்தால் மூக்கு ஒழுகும். இந்தப் பேருண்மையை அறிய அறிஞர்க்கு ஒரு கணம் போதும். எனக்கு ஒரு புகைவண்டிப் பயணமும், ஒரு போத்தல் தேங்காயெண்ணெயும், என் மாமியாரும் தேவைப்பட்டனர்.

மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நாவற்குடாவில் ஒரு சைவப் பாடசாலையில் உதவி ஆசிரியனாயிருந்தேன். வயது இருபத்தைந்து இருக்கும். அறிவுக்கு அதிற் பாதி. பதிகங்களைப் பண்ணோடு பாடுவேன். வீட்டிலும் செந்தமிழே பேசுவேன். (கோழியை விரட்டும்போதும் “அப்பாற் செல்க” என்றே விரட்டுவேன். கோழி சென்றதில்லை.)

வீடு என் வீடன்று. எங்கள் பக்கத்தில் மணமான ஆண்மகன் மனைவியின் வீட்டுக்கு வாழப் போவதே வழக்கம். வீடு தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும். மருமகன் அவ்வீட்டில் ஒரு குடையைப் போன்றவன். மழை வந்தால் தேடுவார்கள், மற்றவேளை மூலையில் நிற்கவேண்டும்.

மாமி அப்போதே கைம்பெண். மருமகனோடு முகங்கொடுத்துப் பேசுதல் மரியாதையன்று என்னும் கொள்கையுடையவர். ஆதலால் எனக்குரிய செய்திகள் யாவும் என் மனைவி அன்னப்பிள்ளையை நோக்கிக் கூறப்படும். அவள் இல்லாவிடத்துத் தூணை நோக்கியோ, முற்றத்து ஆட்டை நோக்கியோ கூறப்படும். “சோறு ஆறுதெண்டு சொல்லு” என்று ஆட்டிடம் அவர் சொன்னால், நான் எழுந்து போய்ச் சாப்பிடவேண்டும். எனக்கு மணமாகி மூன்றாண்டுகள் ஆகியும் அவர் என்னிடம் நேராக ஒரு சொற் சொன்னதில்லை. ஆட்டுக்கு நான் மிகவும் கடமைப்பட்டவன்.

அவ்வாண்டு வெயில் கடுமையாயிருந்தது. வாவி நீரே கொதிநீராய்க் கிடந்தது. நானோ இரவும் பகலும் பனிமலைப் பாடல்களையே ஓதிக்கொண்டிருந்தேன். வெள்ளிச் சிகரம், குளிர்ந்த சுனை, முகில் தவழும் சாரல் என்று பாடும்போது வியர்வை மார்பில் வழியும். “குளிரே பக்தியின் தாய். வெப்பத்தில் மனம் ஒருமைப்படாது” என்று பாடசாலையில் ஒரு சொற்பொழிவும் செய்தேன். அதுவரையில் நான் அனுபவித்த மிகப் பெரிய குளிர் மழைக்காலத்தில் கூரை ஒழுகி முதுகில் விழுந்த ஒரு துளிதான்.

ஐப்பசியில் ஓர் அழைப்பு வந்தது. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரிய கங்காணியார் ஒருவர் முருகன் கோயிலும் அதனருகே ஒரு பள்ளியும் கட்டியிருந்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவும், கோயிலிற் பாடவும் ஒருவர் வேண்டும். மார்கழியில் வந்து பாடிக்காட்டி, இடத்தையும் பார்த்து, திரும்புமுன் ஆம் என்றோ இல்லையென்றோ சொல்லிவிடவேண்டும். ஆம் என்றால் தைமாதமே குடிபெயர வேண்டும். விறகும் தேயிலையும் வீடும் தருவார்கள்.

வீடு! என் பெயரில் ஒரு வீடு! நான் மூலையில் நிற்கவேண்டாத வீடு! அதுவும் பனிமலைச் சாரலில்! எம்பெருமானே கயிலையிலிருந்து ஆளனுப்பியதாக எண்ணினேன்.

மாமி ஆட்டைத் தேடவில்லை. நேராக மகளிடம் போனார்.

“கேட்டியா கா புள்ள, உன்ட புருசன் மலைக்குக் குடிபோகப் போறாராம். ஆம்புளைக்கு வீடு குடுக்கிற ஊரெல்லாம் ஒரு ஊரா?”

“அங்கே கடுங்குளிர். தேவர்கள் விரும்பும் குளிர்” என்றேன் நான், முற்றத்திலிருந்து.

“அங்க மீன் இரிக்கா எண்டு கேளு.”

“மலைக்காற்றே அமுதம். அதனை உண்டே முனிவர்கள் வாழ்கின்றனர்.”

மாமி என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். “காத்தைத் திண்டு வளந்த உடம்பு மாதிரித் தெரியல்லியே எண்டு சொல்லு.”

அன்னப்பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்தாள். அவளுக்குப் போக விருப்பமா, இருக்க விருப்பமா என்று நான் கேட்டதாக நினைவில்லை. (கயிலைக்குப் போக விரும்பாதாரும் உளரோ என்பது என் எண்ணம்.) ஒரு கிழமை இந்தப் போர் நடந்தபின், அவளே சொன்னாள்:

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை வைச்சிக்கொண்டு சும்மா இருங்க. பிள்ளையாரிட்டக் கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்.”

பூக்கட்டிப் பார்த்தல் எங்கள் ஊரில் பெரிய நீதிமன்றம். வெள்ளைப் பூவை ஓரிலையிலும் சிவப்புப் பூவை ஓரிலையிலும் வேறுபாடு தெரியாதபடி பொதிந்து கட்டி, திருவடியில் வைத்து வணங்கி, ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை எவரும் அவிழ்க்கலாகாது. அதை ஓடும் நீரில் விட்டுவிடுவார்கள். சொல்லாத விடையைத் தோண்டிப் பார்ப்பது தெய்வத்தின் வாயைக் கிண்டுவதாகும்.

வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செவ்வரத்தை என்று சொல்லி, அன்னப்பிள்ளை பூக்கொய்து பொட்டலங் கட்டிக்கொண்டு வந்தாள். போய் இடத்தைப் பார்ப்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. எடுப்பது ஆர் என்ற வழக்கு எழுந்தது. “நான்தான் எடுப்பன்” என்று மாமி கோயில் தூணிடம் அறிவித்தார். சிவப்பை வருவித்தே தீருவதென்ற உறுதி அவர் முகத்தில் இருந்தது. இரண்டு பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றினார், முகத்தோடு அணைத்தார், நீண்ட மூச்சு விட்டார். பிறகு ஒன்றை நீட்டினார்.

அவிழ்த்தால், மல்லிகை! வெள்ளை வெளேரென்று சிரித்தது.

நான் பிரகாரத்தில் ஆடிய கூத்தை எழுதுவது என் வயதுக்கு அழகன்று. மாமி தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்ட கையே எனக்குச் சதி செய்யுது கா” என்றார். உடனே அடுத்த அறிவிப்பு வந்தது: “நானும் வாறன். என்ட மகள் இரிக்கப்போற வீட்டை நான் பாக்காம ஆர் பாக்கிற?”

ஆகவே மார்கழி பிறந்ததும் மூவரும் புறப்பட்டோம். கூடவே ஒரு முட்டி எருமைத்தயிர், கருவாட்டுப் பொதி, பன்புல்லில் இழைத்த பாய், விளக்குக்கென ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். அயலில் ஒருவரிடம் அன்னப்பிள்ளை இரவல் வாங்கி வைத்திருந்த கம்பளிப் போர்வையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “பனிமலைக்குப் போர்வையோடு போவது, விருந்துக்குக் கட்டுச்சோற்றோடு போவதற்கு ஒப்பு” என்றேன். என் மேலே ஒரு சட்டை, அதன்மேல் ஒரு மெல்லிய சால்வை, அவற்றுக்குள் நான்.

வண்டி மாறி மாறி மலையேறத் தொடங்கியதும் என் சொற்பொழிவும் ஏறத் தொடங்கியது. ஒவ்வோர் அருவிக்கும் ஒரு பதிகம் பாடினேன். அட்டன் நிலையத்தில் குரல் சற்றுக் கரகரத்தது. அதற்கு மேலே என் மூக்கு என்னுடையதுதானா என்ற ஐயம் பிறந்தது. நானுஓயாவில் இறங்கும்போது இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, யோகநிலையில் இருப்பவன்போல நடந்தேன்.

“இவர் ஏன் கோழி மாதிரி நடக்கார் எண்டு கேளு” என்றார் மாமி.

பெரிய கங்காணியார் மலைபோன்ற மனிதர். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பளி. கண்டவுடன் பதறிவிட்டார்.

“வாங்க வாத்தியாரய்யா! என்னங்க, குளுருக்கு ஒண்ணும் போடாமயா வந்துட்டீங்க?”

“இஃதெல்லாம் நமக்குப் பூ... பூ... பூந்தென்றல்” என்றேன். பற்கள் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கித் தந்தன. கங்காணியார் கைகூப்பினார். தவவலிமையுள்ள ஒருவர் வாய்த்துவிட்டார் என்று எண்ணினாராம். பின்பு அவரே சொன்னார்.

வீடு அழகான வீடு. கல்லிலே கட்டியது. கதவைத் திறந்தால் முகில் கேட்காமலே உள்ளே வரும். கங்காணியாரின் மனைவி மாமிக்கு ஒரு கோட்டுக் கொடுத்தார். ஊர் திரும்பிய துரைசாணி ஒருத்தி விட்டுச்சென்றதாம். முழங்காலுக்குக் கீழே வரும், பித்தளைப் பொத்தான்கள் மின்னும். சேலைக்கு மேலே அதனை மாட்டிக்கொண்ட மாமி வீட்டைச் சுற்றிப் பார்வையிட்டார். அடுப்பைத் தட்டிப் பார்த்தார். கொல்லையில் பந்துபோல் உருண்டிருந்த முட்டைக்கோவாவைக் கண்டு நின்றார். தேநீர் குடித்தார், மீண்டும் குடித்தார். குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர்தாம் குளிரை ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“இது வாத்தியாரு வூடுங்க” என்றார் கங்காணியாரின் மனைவி.

“இல்ல மகள். வீடு எங்கட. மருமகன் எங்களோட இரிக்கார்.”

அம்மையார் விழித்தார். மாமி எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினார். கேட்கக் கேட்க அம்மையாரின் முகம் மலர்ந்தது. “அடியாத்தே! இது எம்புட்டு நல்ல வழக்கமா இருக்கு!” என்றவர், தம் கணவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மலைபோன்ற மனிதர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அதன்பின் விறகு எங்கே அடுக்குவது, தண்ணீர் எப்போது கொண்டுவருவது என்பவற்றையெல்லாம் மாமியிடமே கேட்டார்கள். என் பெயரில் கிடைத்த வீடு ஒரு பொழுதும் முழுதாக என்னுடையதாக இருக்கவில்லை. கயிலையிலும் எனக்கு மூலையே கிடைத்தது. (அந்த மூலையில் அடுப்பில்லை.)

அன்று மாலை, தேநீரின் சூட்டில் சற்றே உயிர்வந்த வேளையில், நான் ஒரு பெருமை பேசினேன். “எம் ஊரில் மார்கழி விடியலில் வாவியிலே இடுப்பளவு நீரில் நின்றே யான் பாடுவது வழக்கம்.” இது உண்மை. ஆனால் எங்கள் வாவி மார்கழியிலும் தாய்மடிபோல இளஞ்சூடாயிருக்கும் என்பதைச் சொல்லாது விட்டேன்.

“அதுக்கென்னங்க, இங்கயும் ஓடை இருக்கே!” என்றார் கங்காணியார் மகிழ்ச்சியோடு. “விடியக்காலைல ஆளுங்க எல்லாரையும் வரச்சொல்லிடுறேன்.”

விடியலில் விளக்கேற்றப் போத்தலை எடுத்தேன். கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், நேற்றுவரை தெளிந்த நீர்போலிருந்த எண்ணெய் பால்போல் வெளுத்துக் கல்லாய் நின்றது.

எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் உறைந்ததைக் கண்டவர் எவருமிலர். நான் அதிசயித்து முழந்தாளிட்டேன்.

“அன்னப்பிள்ளை! எம்பெருமான் நம்மை ஏற்றுக்கொண்டான்! எண்ணெய் திருநீறாயிற்று!”

அவள் போத்தலை வாங்கி மூக்கருகே பிடித்தாள். “எண்ணெய் மணந்தானே மணக்குது.”

“அருளை மோந்து பார்க்கலாகாது” என்று கண்டித்து, ஈர்க்கினால் தோண்டியெடுத்து, நெற்றியில் மூன்று பட்டையாக அழுத்திப் பூசினேன். மார்பிலும் தோளிலும் பூசினேன். அந்தக் குளிரில் அது அசையாமல் நின்றது. சந்தனம்கூட அவ்வளவு அழகாக நில்லாது.

ஓடைக்கரையில் கம்பளிகளைப் போர்த்தபடி தோட்டமே கூடியிருந்தது. பிள்ளைகள் முன்வரிசையில். மேளகாரர் ஒருவர் மேளத்தோடு. புல்லெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. வெறுங்காலோடு அதன்மேல் நடந்து, எவருடைய முகத்தையும் பாராமல், ஒரு ஞானியின் பெருமிதத்தோடு நீரில் இறங்கினேன்.

முதலில் பாதங்கள் என்னை விட்டுப் பிரிந்தன. அடுத்து முழங்கால்கள் விடைபெற்றன. இடுப்பளவு நீர் வந்ததும் என் உயிர் மேலே மேலே ஏறி, தொண்டையில் வந்து, வெளியே போகலாமா என்று எட்டிப் பார்த்தது. அந்த வழியாகத்தான் பாட்டும் வரவேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். பாட்டின் முதற்சொல் நூறு சுக்கலாக வந்து விழுந்தது. பற்கள் தாமாகத் தாளம் போட்டன. மேளகாரர் அதைப் பிடிக்க முயன்றார். நான் நடுங்க நடுங்க அவர் அடிக்க, அவர் அடிக்க அடிக்க நான் நடுங்க, தாளம் காற்றாய்ப் பறந்தது. பிள்ளைகள் துள்ளத் தொடங்கினார்கள்.

“இது எந்தப் பண்ணுங்க? நான் கேட்டதே இல்லீங்களே!” என்று கங்காணியார் கண்ணீர் மல்கினார்.

நிறுத்த முயன்றேன். தாடை எனக்குக் கட்டுப்படவில்லை. பதிகம் முடிந்த பின்னும் பற்கள் பாடிக்கொண்டிருந்தன. வெளியே வருவோமென்றால் கால்கள் எங்கே என்று தெரியவில்லை. அந்த நேரத்தில், பித்தளைப் பொத்தான்கள் பளபளக்க, கரையின் விளிம்புக்கு வந்தார் மாமி.

“மருமகன்! வாயை மூடிட்டு வெளிய வாங்க!”

தூணுக்கன்று, ஆட்டுக்கன்று, மகளுக்கன்று. எனக்கு! மணமாகி மூன்றாண்டில் என்னை நோக்கி அவர் உரைத்த முதல் வாக்கியம். அந்த அதிர்ச்சியில்தான் கால்கள் நகர்ந்தன என்று இன்றும் நம்புகிறேன்.

தூக்கிக்கொண்டுபோய்க் கங்காணியார் வீட்டு அடுப்பருகே உட்காரவைத்தார்கள். சுற்றிலும் ஊர். உடம்பிற் சூடு ஏற ஏற, நெற்றியில் ஏதோ நகர்வதை உணர்ந்தேன். ஒரு கோடு புருவத்தில் இறங்கியது, ஒன்று மூக்கின் வழியே வந்தது, ஒன்று காதுக்குள் போனது. தோளிலிருந்தும் மார்பிலிருந்தும் ஆறுகள் புறப்பட்டன.

“வாத்தியாரய்யா!” கங்காணியார் அலறினார். “ஒங்க நெத்தி உருகுதுங்க! பக்தியில கண்ணு உருகிப் பாத்திருக்கேன், நெத்தி உருகி இன்னிக்குத்தான் பாக்குறேன்!”

நான் கண்களை மூடிக்கொண்டேன். பரவசம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். எண்ணெய் கண்ணிற் போய்விட்டது.

மாமி குனிந்து ஒருமுறை மோந்தார். “தேங்காயெண்ணெய்” என்றார்.

எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். பிறகு கங்காணியாரின் மனைவி மெல்லச் சொன்னார்: “இங்க தெனமும் அப்பிடித்தாங்க. ராவுல கல்லாயிடும். அடுப்புகிட்ட வெச்சா உருகிடும்.” அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் வெடித்தார்கள். பிறகு மேளகாரர். பிறகு அந்த வீடு முழுவதும். கங்காணியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் எனக்கும் இருமல் வந்தது, இருமலில் சிரிப்பு வந்தது, எண்ணெய் எல்லோர்மேலும் தெறித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் சிரித்ததில்லை.

கண்களைத் துடைத்துக்கொண்டு கங்காணியார் சொன்னார்: “பாட்டு கெடக்குங்க. இம்புட்டு பேரையும் இந்தக் குளுர்ல சிரிக்க வெச்ச வாத்தியாருதான் எங்க புள்ளைங்களுக்கு வேணும். நாளைக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.”

வேலை கிடைத்துவிட்டது. எனக்கோ, வேலை கிடைத்துவிட்டதே என்ற துக்கம். கால்விரல்கள் திரும்பி வந்தனவா என்று எண்ணிக்கொண்டு மூலையில் கிடந்தேன். ஊர் முழுவதும் கயிலைப் பெருமை பேசிவிட்டு, கடுங்குளிர் என்று சொல்லித் திரும்புவதெப்படி? மாமி மறுப்பார், அவர்மேற் பழியைப் போட்டுவிட்டு வண்டியேறலாம் என்று நம்பினேன்.

மாமி கோட்டுப் பொத்தானைத் தடவியபடி, இப்போது என்னிடம் நேராகவே சொன்னார்: “மருமகன், நீங்க சொன்னது சரிதான். இது தேவலோகந்தான். மீன் இல்லாட்டி என்ன, கருவாடு இரிக்கி. குடி வருவம்.”

நான் இருமினேன். “மாமி, வாவி... தங்களுடைய வளவு... ஆடு...”

“ஆட்டையும் கொண்டருவம்.”

“மழைக்காலத்தில் சறுக்கும், மாமி.”

“நீங்கதானே சொன்னீங்க, குளிர்தான் பக்தியிட தாய் எண்டு. அண்டைக்குச் சொல்லக்குள்ள நாங்க கேட்டுக்கொண்டுதானே இருந்த.”

தேடித் தேடிக் கற்ற தமிழெல்லாம் எனக்கெதிராகத் திரும்பி நின்றது. அன்னப்பிள்ளை அடுப்பூதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். என் உதடு இன்னும் நீலமாயிருந்ததாம். “பூக்கட்டிப் பாப்பம்” என்றாள்.

கங்காணியார் வீட்டு முற்றத்தில் சிவப்பு ரோசாவும் வெள்ளை ரோசாவும் பூத்திருந்தன. மறுநாட் காலை முருகன் சந்நிதியில் இரண்டு பொட்டலங்கள் வைத்தோம். வெள்ளை வந்தால் குடிபெயர்வு, சிவப்பு வந்தால் ஊர். “நான்தான் எடுப்பன்” என்றார் மாமி. வெள்ளையை வருவித்தே தீருவதென்ற உறுதி அவர் முகத்தில் இருந்தது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாகப் பிரார்த்தித்ததில்லை. முருகா, சிவப்பு! உன் சேவலின் கொண்டையைப் போலச் சிவப்பு!

சிவப்பு ரோசா வந்தது.

மாமி தம் கையை மறுபடியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கங்காணியார் பெருமூச்சு விட்டார். “சாமி உத்தரவு. ஒண்ணும் செய்யமுடியாதுங்க.” பிள்ளைகள் முகம் வாடியது எனக்கு உறுத்தியது. நல்லவர் ஒருவரை அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தேன், அனுப்பியும் வைத்தேன். வவுணதீவைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் தைமாதமே போய்ச் சேர்ந்தார். என்னிலும் நன்றாகப் பாடுவார். முக்கியமாக, போர்வை கொண்டு போனார்.

கோட்டை மாமிக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வண்டி மலையிறங்கி, காற்றுச் சூடேறியது. என் உடம்பு ஒவ்வோர் உறுப்பாக வீடு திரும்பியது. மாமி கோட்டோடு உறங்கினார். ஆற்றுப்பாலம் ஒன்று வந்தது. எடுக்காத பொட்டலத்தை நீரில் விடுவதற்காக அன்னப்பிள்ளை மடியிலிருந்து வெளியே எடுத்தாள். இலை வாடி, நூல் தளர்ந்திருந்தது. வண்டி குலுங்கிய குலுங்கலில் பொட்டலம் அவிழ்ந்து என் மடியிற் கொட்டியது.

சிவப்பு ரோசா.

நான் பூக்களைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். செந்தமிழ் என்னைக் கைவிட்டது.

“என்ன கா இது? இதுவும் சிவப்பா?”

“ஓம்.”

“அப்ப... அண்டைக்கு ஊரில?”

“அண்டைக்கு ரெண்டும் மல்லிகை.”

“பிள்ளையாரையே ஏமாத்திப்போட்டியா!”

“நான் எங்க ஏமாத்தின? பிள்ளையார் பாத்துக்கொண்டுதானே இருந்தார். வேணாமெண்டா தடுத்திருப்பார்.” அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அண்டைக்குச் சிவப்பு வந்திருந்தா, நீங்க சாகும்வரைக்கும் அந்த மலையைப் பாடிப் பாடி எங்கட உசிரை எடுத்திருப்பீங்க. நேத்து வெள்ளை வந்திருந்தா, ஒவ்வொரு நாளும் விடியக்குள்ள அந்த ஓடைக்குள்ள இறங்கியிருப்பீங்க. குளிருது எண்டு சொல்ல உங்களுக்கு ஏலாதெண்டு எனக்குத் தெரியும். எனக்கு நீங்க வேணும்.”

 மடியில் கிடந்த பூக்களை அள்ளி அவளிடமே கொடுத்தேன். அவள் ஒன்றைத் தலையிற் செருகிக்கொண்டு மற்றவற்றை ஆற்றில் விட்டாள். “அம்மாக்குச் சொல்லிப்போடாதீங்க” என்றாள்.

சொல்லவில்லை. நீண்டகாலம் அந்த இரகசியத்தைக் காத்தோம். நெற்றி உருகிய கதைதான் எங்கும் பரவியது. மழைக்காலத்தில் போத்தலில் எண்ணெய் சற்றே மங்கினாலும் போதும். “அருள் வந்திட்டு, ஓடி வாங்க!” என்று வீட்டில் கூச்சல் எழும். மாமி கோட்டை மாட்டிக்கொண்டு, நான் ஓடையிற் பாடிய பாட்டைப் பற்களாலேயே பாடிக்காட்டுவார்.

எங்கள் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிவந்தபோது, முடிவு எட்டாமல் இருந்த ஒரு மாலையில், பூக்கட்டிப் பார்ப்போமே என்று நான் வாய்தவறிச் சொன்னேன். அன்னப்பிள்ளை பூக்கொய்ய எழுந்தாள். மகளும் அவளோடு எழுந்தாள். மாமி கட்டிலில் சாய்ந்திருந்தபடி என்னை அருகே அழைத்தார்.

“மருமகன், இவள் ரெண்டிலயும் ஒரே பூவைத்தான் கட்டுவாள். தெரியும்தானே?”

நான் திடுக்கிட்டேன். “மாமி, உங்களுக்கு எப்படி...?”

“அண்டைக்குப் பிள்ளையார் கோயில்ல ரெண்டு பொட்டலமும் மல்லிகை மணந்தது. செவ்வரத்தம்பூ எங்க மணக்கிற? எனக்கும் அந்த மலையை ஒருக்காப் பாக்க ஆசை. வாய்விட்டுச் சொல்ல வெக்கம். பேசாம எடுத்துத் தந்தன்.”

“மலையிலேயும் மோந்தீர்களா?”

“அங்க பூ எடுத்த அண்டு விடியத்தான் எனக்குத் தடிமன் பிடிச்சது, ஒண்டும் மணக்கல்ல. மகள்ட முகத்தைப் பாத்தன், விளங்கிட்டு.” தலைமாட்டிற் கிடந்த கோட்டின் பொத்தானைத் தடவினார். “மலை நல்ல மலைதான். எனக்கு இன்னும் ஆசைதான். ஆனா மருமகனைக் குளிருக்குப் பலி குடுத்திட்டு மலையில இரிக்க ஏலுமா?”

நான் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தேன். மாமி என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, மேலும் சொன்னார்:

“உங்கட மாமா ஒருக்கா மலாயாக்குப் போறனெண்டு பெட்டி கட்டிக்கொண்டு நிண்டவர். நான் ரெண்டும் சிவப்புக் கட்டினன். பிள்ளையார்தான் தடுத்தவர் எண்டு அவர் கண்மூடும்வரைக்கும் தேங்காய் உடைச்சார், பாவம். எனக்கு இதைச் சொல்லித் தந்தது என்ட அம்மா.”

அப்போதுதான் விளங்கியது, எங்கள் பக்கத்தில் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது வீடு மட்டுமன்று என்பது. நான் வாயிலைத் திரும்பிப் பார்த்தேன். பூக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, நிலையில் சாய்ந்தபடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள் என் மகள்.

“அப்பா,” என்றாள் மிகுந்த பணிவோடு, “உங்களுக்கு எந்த நிறம் வரவேணும்?”

மோதகம் வெந்துவிட்டது. அழைக்கிறார்கள். இதனைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், கேட்டுச் சிரித்தோரும் நெடிது வாழ்க. அவர்கள் விளக்கில் எண்ணெய் உறையாதிருக்க. அவர்கள் ஏறும் மலைகளிலெல்லாம் போர்வை கிடைக்க. அவர்களுக்காகப் பூக்கட்டும் கை எந்நாளும் அவர்களை வேண்டுமென்று நினைக்கும் கையாகவே இருக்க, பிள்ளையார் திருவருள் புரிக.